ராம் வாங்குவதற்கு முன்: வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு, வணக்கம்.

2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் நிறுத்திக்கொண்டது. எம்.சி. ரோடு துணிக்கடைகளிலிருந்து தண்டையார்பேட்டை டியூஷன் சென்டர்கள் வரை பலரும் விண்டோஸ் 11-க்கு மாறினீர்கள். மாறிய கையோடு, "கணினி திணறுகிறது, ராம் கூட்டிப் போடுங்கள்" என்று வரத் தொடங்கினீர்கள். போதாத நேரமாக, ராம், அதாவது கணினி வேலை பார்க்கும்போது நிரல்களை வைத்துக்கொள்ளும் தற்காலிக நினைவகம், அதன் விலையும் அப்போதுதான் ஏறியது. செயற்கை நுண்ணறிவுக்கான பெரிய தரவு மையங்கள் நினைவகச் சிப்புகளை வாரிக்கொண்டு போகின்றன, மிச்சம்தான் நமக்கு. விற்றால் எங்களுக்கு லாபம் என்பது உண்மை. ஆனால் தேவையில்லாதவருக்கு விற்றால் அடுத்த வாரமே அதே புகாரோடு அவர் திரும்ப வருவார். ஆகவே, பணத்தை எடுப்பதற்கு முன் நீங்களே பார்த்துக்கொள்ள வேண்டியதைச் சொல்லிவிடுகிறோம்.

கன்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் திறக்கும். அதில் பெர்ஃபார்மன்ஸ் பகுதியில் மெமரியைத் தேர்ந்தெடுங்கள். எழுபது, எண்பது சதவீதம் என்று காட்டினால் பதற வேண்டாம். மிச்சமிருக்கும் ராம் சும்மா கிடந்தால் யாருக்கும் பயனில்லை என்பதால், நீங்கள் அடிக்கடி திறக்கும் நிரல்களை விண்டோஸ் முன்கூட்டியே அதில் எடுத்து வைத்துக்கொள்ளும். கீழே 'கேச்டு' என்று காட்டுவது பெரும்பாலும் இந்தக் கணக்குதான்; மேலே சொன்ன சதவீதத்தில் இது சேராது. வேறு நிரலுக்கு இடம் தேவைப்பட்டால் அதை உடனே விட்டுக்கொடுத்துவிடும். நீங்கள் பார்க்க வேண்டியது 'அவைலபிள்' என்ற எண், அதாவது நிரல்களுக்குக் கொடுக்க இன்னும் மிச்சமிருக்கும் ராம். கணினி திணறும் நேரத்தில் அது சில நூறு எம்பிக்கு இறங்கி, பக்கத்தில் டிஸ்க் (சேமிப்பு வட்டு) நூறு சதவீதத்தில் நின்றால், உண்மையிலேயே ராம் போதவில்லை.

அப்போது நடப்பது நம் எம்.சி. ரோட்டில் புடவை எடுக்கும் காட்சிதான். விரித்த பாய் நிறைந்துவிட்டால், கடைப்பையன் முன்னால் கிடப்பதை மடித்து அலமாரியில் வைத்துவிட்டுத்தான் அடுத்ததை எடுத்துப் போட முடியும். ராமில் இடமில்லாதபோது விண்டோஸும் அதில் இருப்பதை வட்டில் உள்ள பேஜ் ஃபைலுக்கு மாற்றிவிட்டு, தேவைப்படும்போது திரும்பக் கொண்டுவருகிறது. பழைய ஹார்ட் டிஸ்க்கில் ஒவ்வொரு தேடலுக்கும் ஏறத்தாழ 10 மில்லி விநாடி ஆகும். எஸ்எஸ்டி என்ற புதுவகைச் சேமிப்பகம் அதைவிடப் பல மடங்கு வேகமானது. அவைலபிள் போதுமான அளவு இருந்தும் டிஸ்க் மட்டும் நூறில் நின்றால் குற்றவாளி ராம் அல்ல. அந்தப் பணத்தை எஸ்எஸ்டிக்குப் போடுங்கள்.

அண்மையில் ஒரு மொத்த வியாபாரக் கடையின் பில்லிங் கணினியைப் பார்த்தோம். 4 ஜிபி ராம். டேலி என்ற கணக்கு மென்பொருளைத்தான் எல்லோரும் திட்டிக்கொண்டிருந்தார்கள். திறந்து பார்த்தால் டேலி எடுத்துக்கொண்ட இடம் சொற்பம். வாட்ஸ்அப் தனிச் செயலியாக ஒரு முறை, குரோமுக்குள் இன்னொரு முறை. இரண்டு வங்கிப் பக்கங்கள், ஜிஎஸ்டி தளம், பின்னணியில் பக்திப் பாடல் ஓடும் யூடியூப், போன மாதம் யாரோ திறந்துவிட்டு மறந்த தாவல்கள் ஒரு வரிசை. குரோம் பாதுகாப்புக்காக ஒவ்வொரு தளத்தையும் பெரும்பாலும் தனிச் செயல்முறையாக ஓட்டுகிறது. ஒரு தாவல் முடங்கினால் மற்றவை தப்பிக்கும். அதற்கான விலையை ராம் கொடுக்கிறது. குரோமுக்குள் இருந்தபடி ஷிப்டையும் எஸ்கேப்பையும் அழுத்தினால், எந்தத் தாவல் எவ்வளவு விழுங்குகிறது என்ற பட்டியல் வரும். அதைக் காட்டியதும் கடைக்காரர் யூடியூபை மூடிவிட்டுப் பாட்டுக்குக் கைப்பேசியை எடுத்துக்கொண்டார். ராம் விற்கவில்லை.

குரோம் அமைப்புகளில் பெர்ஃபார்மன்ஸ் பகுதியில் 'மெமரி சேவர்' உண்டு. தொடாமல் கிடக்கும் தாவல்களை அது ராமிலிருந்து இறக்கிவிடும். திரும்பச் சொடுக்கினால் பக்கம் மீண்டும் ஏறும். பாதி நிரப்பிய படிவம் போய்விடுமோ என்று பலர் அஞ்சுகிறீர்கள். அப்படிப்பட்ட தாவலைப் பொதுவாக அது தொடாது. சந்தேகமாக இருந்தால் அந்தத் தளத்தை விதிவிலக்குப் பட்டியலில் சேர்த்துவிடுங்கள்.

டாஸ்க் மேனேஜரில் 'ஸ்டார்ட்அப்' பகுதியையும் ஒருமுறை பாருங்கள். கணினியை இயக்கியதும் தாமாக எழுந்து உட்காரும் நிரல்கள் அங்கே இருக்கும். பிரிண்டர் உதவியாளர், விளையாட்டுகளைத் திறக்கும் லாஞ்சர், வீடியோ கூட்டச் செயலி போன்றவற்றை 'டிஸேபிள்' செய்யலாம். ஆன்டிவைரஸ் ஒன்றே போதும். இரண்டு இருந்தால் ஒன்றையொன்று காவல் காத்துக்கொண்டிருக்கும்.

இன்னொன்று. 'ஷட் டவுன்' கொடுத்து மறுநாள் இயக்குவது முழுமையான மறுதொடக்கம் ஆகாது. 'ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்' இயங்கும் கணினியில் விண்டோஸின் உட்கரு (கெர்னல் என்ற மையப் பகுதி) அப்படியே வட்டில் சேமிக்கப்பட்டு, காலையில் திரும்ப ஏற்றப்படுகிறது. பிரிண்டர் போன்ற கருவிகளை இயக்கும் ஏதாவது டிரைவர் நிரல் நினைவகத்தைப் பிடித்துக்கொண்டு விடாமல் இருந்தால், அந்தப் பிடியும் கூடவே வரும். வாரம் ஒருமுறையாவது 'ரீஸ்டார்ட்' கொடுங்கள்.

'ஒரே சொடுக்கில் ராமைச் சுத்தம் செய்யும்' நிரல்களைத் தயவுசெய்து நிறுவாதீர்கள். ஓடிக்கொண்டிருக்கும் நிரல்களின் நினைவகத்தைப் பிடுங்கி வெளியே தள்ளிவிட்டு, 'பார், காலியாகிவிட்டது' என்று பச்சை வட்டம் காட்டுவதுதான் அவற்றின் வேலை. அடுத்த நொடி அந்த நிரல்கள் எல்லாவற்றையும் திரும்பக் கேட்கும். கணினி முன்பைவிட மோசமாகத் திணறும்.

ஃப்ளெக்ஸ் பேனர் வடிவமைப்பாளர்களுக்குத் தனியாக ஒரு சொல். 20 அடிக்கு 10 அடி பேனரை ஃபோட்டோஷாப்பில் 300 டிபிஐயில் (அங்குலத்துக்கு 300 புள்ளிகள்) திறந்தால் 72,000-க்கு 36,000 புள்ளிகள். நான்கு வண்ண முறையில் புள்ளிக்கு 4 பைட் வீதம், ஒரே ஒரு அடுக்குக்கே சுமார் 10 ஜிபி வருகிறது. எவ்வளவு ராம் போட்டாலும் இது கட்டுப்படியாகாது. அதே பேனரை 72 டிபிஐயில் திறந்தால் சுமார் 600 எம்பிதான். மூலக்கடை மேம்பாலத்துக்குப் பக்கத்தில் பஸ்ஸில் போகிறவர் அண்ணாந்து பார்க்கும் பேனருக்கு அது தாராளம். அழைப்பிதழுக்கும் விசிட்டிங் கார்டுக்கும் 300 இருக்கட்டும்.

இவ்வளவும் செய்த பிறகும் அவைலபிள் வற்றிப்போனால், தாராளமாக ராம் வாங்குங்கள். விண்டோஸ் 11-க்கு மைக்ரோசாஃப்ட் சொல்லும் குறைந்தபட்ச அளவு 4 ஜிபி. அது இயங்குவதற்கு மட்டுமே போதும். வேலை பார்ப்பதற்கு 8 ஜிபி வேண்டும் என்பது எங்கள் கருத்து. வடிவமைப்பாளர்களுக்கு 16. விண்டோஸ் 10-இன் 32 பிட் பதிப்பை இன்னும் வைத்திருப்பவர்களுக்கு 4 ஜிபிக்கு மேல் எது போட்டாலும் வீண். அது அதற்கு மேல் பயன்படுத்தாது.

ரிச்சி தெருவில் வாங்குவதானாலும் எங்களுக்கு வருத்தமில்லை. ஆனால் ராமின் தலைமுறைகளான டிடிஆர்3, டிடிஆர்4, டிடிஆர்5 மூன்றுக்கும் வெட்டுப்பள்ளம் வெவ்வேறு இடத்தில் இருக்கும். ஒன்றின் இடத்தில் மற்றொன்று பொருந்தாது. மேசைக் கணினியின் நீளமான ராம் லேப்டாப்பில் ஏறாது. சில மெல்லிய லேப்டாப்களில் ராம் பலகையோடு பற்றவைக்கப்பட்டிருக்கும், கூட்டவே முடியாது. மெமரி பக்கத்தில் 'ஸ்லாட்ஸ் யூஸ்டு' என்ற வரி எத்தனை இடம் நிரம்பியிருக்கிறது என்று சொல்லும்.

அந்தப் பக்கத்தை, கணினி திணறும் நேரத்திலேயே கைப்பேசியில் படம் எடுத்துக்கொண்டு கடைக்கு வாருங்கள். பார்த்துச் சொல்வதற்குக் கட்டணம் இல்லை. லேப்டாப்பைக் கொண்டுவருபவர்கள் சார்ஜரையும் சேர்த்துக் கொண்டு வந்தால் நல்லது.

இப்படிக்கு,
கணினி விற்பனை மற்றும் பழுதுபார்ப்புக் கடையினர்,
பழைய வண்ணாரப்பேட்டை