கதவை இழைக்காதே

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். நானும் அம்மாவும் நலம். நீ அனுப்பிய படம் கிடைத்தது. முழு மரங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக் கட்டிய வீட்டில் என் மகள் இருக்கிறாள் என்று அம்மா பார்ப்பவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறாள். எனக்கும் பெருமைதான். பிறகு படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன்.

ஜன்னலுக்கு நேர் கீழே, தரையிலிருந்து இரண்டாவது கட்டையில், ஒரு கை அகலத்துக்குக் கறுத்திருக்கிறது. அதை ஒட்டியே விறகை அடுக்கி வைத்திருக்கிறாய். மரவேலைக்காரன் மகள் செய்கிற காரியமா அது? விறகு சுவரை மறைத்தால் காற்று போகாது, நனைந்த கட்டை உலராது, விறகில் இருக்கும் பூச்சி சுவருக்குக் குடிவந்துவிடும். இன்றைக்கே அதை வீட்டை விட்டுத் தள்ளி அடுக்கு.

நன்றாக உலர்ந்த மரத்துக்கு வயது ஒரு பொருட்டே இல்லை. ரஷ்யாவில் ஓனேகா ஏரித் தீவு ஒன்றில் 1714-ல் எழுப்பிய மரக் கோவில் 37 மீட்டர் உயரத்தில் இன்றும் நிற்கிறது. அதற்கும் கட்டைகள் இற்றுத்தான் போயின. கட்டடத்தை அடுக்கு அடுக்காகத் தூக்கிப் பிடித்து, கெட்டதை மட்டும் எடுத்து மாற்றினார்கள். மரத்தின் ஈரம் 20 சதவீதத்துக்குக் கீழே இருக்கிற வரை பூஞ்சையால் அதை அரிக்க முடியாது. ஆகவே மழை எங்கிருந்து வந்து எங்கே தெறிக்கிறது என்று பார். கூரை விளிம்பில் தண்ணீர் ஓடும் தகரத்தில் சருகு அடைத்திருக்கும். வழிகிற தண்ணீர் தரையில் மோதி அடிக்கட்டையில்தான் தெறிக்கும். அந்தக் கறுப்புக்கு அதுதான் காரணம் என்று நினைக்கிறேன். சருகை அள்ள ஏணி போட வேண்டும். பிடிக்க ஆள் இல்லாமல் ஏறாதே.

கறுத்த இடத்தைச் சுத்தியல் பிடியால் தட்டிப் பார். கணீரென்று கேட்டால் மேல்தோலில் படிந்த கறைதான், கழுவிவிடலாம். மொத்தென்று கேட்டால் திருப்புளி முனையால் குத்திப் பார். முனை இறங்கி, மரம் சதுரம் சதுரமாக உதிர்ந்து, விரலில் பழுப்புத் தூளாக ஒட்டினால் உடனே எனக்குச் சொல். கழுவுவதற்கு அழுத்தத்தோடு பீய்ச்சும் இயந்திரத்தை வாடகைக்கு எடுத்துவிடாதே. அது கட்டைகளுக்கு நடுவே தண்ணீரைத் திணித்துவிடும். மிதமான சோப்புநீரும் மெல்லிய பிரஷும் போதும்.

சாயப் பூச்சு இன்னும் வேலை செய்கிறதா என்று அறிய, வெயில் நேராக விழும் சுவரில் ஒரு கை தண்ணீரைத் தெளி. திவலையாக உருண்டு ஓடினால் பூச்சு நன்றாக இருக்கிறது. மரம் குடித்துக் கறுத்தால், மழைக்கு முன் மறுபடி பூச வேண்டும். பளபளவென்று படலம் போடுகிற வார்னிஷ் வேண்டாம். உள்ளே புகுந்த ஈரம் வெளியே வர வழியில்லாமல் அதற்கடியிலேயே மரம் இற்றுவிடும். மூலைகளில் நீட்டிக்கொண்டிருக்கும் வெட்டுமுகங்களுக்குக் கூடுதலாக ஒரு பூச்சு கொடு. பக்கவாட்டைவிட அவைதான் தண்ணீரை அதிகம் உறிஞ்சும். வெடிப்புகளைக் கண்டு பயப்படாதே. முழு மரம் என்றால் வெடிக்கத்தான் செய்யும். மேல்நோக்கி வாய் திறந்து, ஆறு மில்லிமீட்டருக்கு மேல் அகன்றதை மட்டும் அடைத்தால் போதும். அவற்றில்தான் மழைநீர் தேங்கும்.

இனி கதவு. போன முறை பேசிக்கொண்டிருந்தபோது ஓங்கிச் சாத்திய சத்தம் எனக்குக் கேட்டது. முன்கதவு உரசுகிறது அப்பா, அடித்தால்தான் மூடுகிறது என்றாய். அப்புறம் பேசுகிறேன் என்று வைத்தாய். அதற்குப் பிறகு படம் மட்டும்தான் வந்தது. படத்தில் நீ மட்டும் இருக்கிறாய்.

கதவு உரசுவதற்கு எனக்குத் தெரிந்த காரணத்தைச் சொல்கிறேன். மரம் உலரும்போது குறுக்கே சுருங்கும், நீளத்தில் ஏறக்குறைய சுருங்காது. படுக்கை வசத்தில் அடுக்கிய சுவர் முதல் சில வருடங்களில் மெதுவாக அமரும். நட்டு வைத்த தூண் அமராது. அதனால்தான் கதவுச் சட்டத்துக்கு மேலே இடைவெளி விட்டுப் பலகையால் மறைத்திருப்பார்கள். அந்த இடைவெளி தீர்ந்துபோனாலோ, யாராவது அடைத்திருந்தாலோ, சுவரின் பாரம் முழுவதும் சட்டத்தின் மேல் இறங்கும். அப்போது கதவை இழைத்தால் ஒரு மாதம் சரியாக மூடும், பிறகு மறுபடி பிடிக்கும். கதவை இழைக்காதே. மேல் பலகையைக் கழற்றி உள்ளே என்ன நடக்கிறது என்று பார். தாழ்வாரத் தூண்களின் அடியில் திருகு ஜாக்கி இருக்கும். சுவர் இறங்குகிற அளவுக்கு அதையும் கொஞ்சம் கொஞ்சமாக இறக்க வேண்டும். கட்டியவர்களை வரவழைத்துச் செய். நீயாகத் திருகாதே.

இதையெல்லாம் மாப்பிள்ளை பார்த்துக்கொள்வார் என்று நீ விட்டிருக்கலாம். அவர் கெட்டிக்காரர், நான் மறுக்கவில்லை. அவரிடம் நானே பேசட்டுமா? வேண்டாம் என்றால் வேண்டாம். உன் அத்தை விஷயத்தில் பெரியவர்கள் பேசப்போய் என்ன ஆனது என்று உனக்கே தெரியும். ஆனால் அத்தையும் கடைசிவரை ஒரு வார்த்தை சொல்லவில்லை, அதையும் நினைத்துக்கொள்.

நீ தைரியசாலி, சிறுவயதிலிருந்தே. அதுதான் எனக்குப் பயம். ஏணியில் தனியாக ஏறாதே என்று மறுபடியும் சொல்கிறேன். விறகை நகர்த்து.

அந்தச் சத்தத்தைப் பற்றி அம்மாவிடம் சொல்லவில்லை. கதவுக்கு மேலே இருக்கும் இடைவெளியைப் படம் எடுத்து அனுப்பு. அனுப்ப முடியாவிட்டால் வா என்று மட்டும் சொல், கிளம்பி வருகிறேன். கேட்பவர்களுக்குக் கதவைச் சரிசெய்ய வந்ததாக இருக்கட்டும். உளியும் இழைப்புளியும் எடுத்து வைத்துவிட்டேன்.

அப்பா