தண்ணி குடிக்கப் பயந்து தோண்டுறோம் சேர்

மதிப்புக்குரிய பணிப்பாளர் சேர் அவர்களுக்கும், தொல்பொருள் அகழ்வுத் திட்டக் குழுவில இருக்கிற சேர்மார், மிஸ்மார் எல்லாருக்கும்,

வணக்கம். வெள்ளவத்தையில அம்மா வீட்டில இருந்து இதை எழுதுறேன். சீசன் முடிஞ்சு கொழும்புக்கு வந்து பன்னிரண்டு நாள் ஆகுது. நிறுவனத்தோட பேரையோ சைட்டோட பேரையோ இங்க போடல, உங்களுக்கும் எனக்கும் தெரியும், அது போதும். கேம்ப்ல டொய்லெட்டும் தண்ணியும் எப்படி இருக்குன்னும் நான் உங்களுக்கு விளக்கத் தேவையில்ல, ஆறு சீசனா ஒவ்வொரு ரிப்போர்ட்டிலயும் கடைசிப் பக்கத்தில எழுதி அனுப்பினதுதான்.

போன திங்கட்கிழமை உங்க ஒஃபிஸ்ல இருந்து எனக்கு ஒரு கடிதம் வந்திச்சு. முன் அனுமதி இல்லாம த்ரீவீலுக்கு 3,800 ரூபா செலவழிச்சதுக்கு எழுத்து மூலம் விளக்கம் குடுக்கணுமாம். குடுக்கிறேன் சேர், ஆனா எல்லாரும் பாக்கிற மாதிரித்தான் குடுப்பேன்.

அண்டைக்கு காலையில பதினொன்றரை இருக்கும். மூணாவது ட்ரெஞ்ச்ல, அதாவது அகழ்வுக் குழியில, ஒன்றரை மீட்டர் ஆழத்தில தங்கச்சி ஒருத்தி குந்தியிருந்து மண் நிறத்தைப் பாத்து ஷீட்ல எழுதிக்கிட்டு இருந்தா, கெம்பஸ் பிள்ளை, அவளுக்கு இது முதல் சீசன். பென்சில் கீழ விழுந்திச்சு, அவ எடுக்கல, அப்பிடியே பக்கவாட்டில சாஞ்சிட்டா. உடம்பு நெருப்பா கொதிக்குது, உதடு வெடிச்சுப் போய் இருக்கு. முகத்தில தண்ணி தெளிச்சு கண் முழிச்சதும் கேட்ட முதல் கேள்வி, "செக்‌ஷன் உடைஞ்சிட்டா அக்கா?" தான் சாஞ்சதில குழியோட சுவர் உடைஞ்சிட்டான்னு கேக்கிறா. கேம்ப் வேன் பெட்டிகளை ஏத்திக்கிட்டு கொழும்புக்குப் போயிருந்திச்சு, அதனால கிராமத்து அண்ணா ஒருத்தர்ட லேன்ட்மாஸ்டர்ல, அதான் கை உழவு மெஷின்ல, மெயின் ரோட் வரைக்கும் கொண்டு வந்து அங்க இருந்து த்ரீவீல் பிடிச்சுத்தான் ஆஸ்பத்திரிக்குப் போனோம். டொக்டர் அவகிட்ட கேட்டார், ஒரு நாளைக்கு எவ்வளவு தண்ணி குடிக்கிறீங்கன்னு. காலையில ஒரு பிளேன்டீ, பின்னேரம் வேலை முடிஞ்சாப் பிறகு தண்ணின்னு சொன்னா. இந்த வெயில்லயான்னு கேட்டுட்டு டொக்டர் என்னைப் பாத்தார். நான் நிலத்தைப் பாத்தேன், ஏன்னா அந்தப் பழக்கத்தை அவளுக்குச் சொல்லிக் குடுத்ததே நான்தான்.

ஆமா சேர், புதுசா வாற பொம்பளைப் பிள்ளைகளுக்கு சீனியர்ஸ் நாங்க சொல்லிக் குடுக்கிற முதல் பாடம் மண் சுரண்டுற கரண்டியைப் பிடிக்கிறது இல்ல, தண்ணி குடிக்காம இருக்கிறது. கேம்ப்ல ஒழுங்கான டொய்லெட் ஒண்டும் இல்ல. தகரத்தால மறைச்ச ஒரு குழி இருந்திச்சு, அது ரெண்டாவது கிழமையே நிறைஞ்சு போச்சு. ஆம்பளைங்க எங்கயாவது ஒதுங்கிடுவாங்க, நாங்க ஒன்பது பேர் என்ன செய்றது? விடிய நாலு மணிக்கு டோர்ச்சைப் பிடிச்சுக்கிட்டு ரெண்டு ரெண்டு பேரா காட்டுக்குள்ள போவோம், சில நாள் வழியில யானை லத்தி இன்னும் ஆவி பறக்கக் கிடக்கும், அப்ப திரும்பி ஓடி வந்திடுவோம், பிறகு இருட்டுற வரைக்கும் அடக்கிக்கிட்டு இருக்கிறதுதான். அதுக்குப் பயந்து தண்ணி குடிக்கிறதில்ல. மாசத்தில அந்த நாலு நாளும் பாவிச்சதை எல்லாம் பேப்பர்ல சுத்தி பேக்குக்குள்ள வச்சிருந்து ஞாயிற்றுக்கிழமை டவுனுக்குப் போகும்போதுதான் கொண்டு போய் போடுறோம். இதை எழுத வெக்கமாத்தான் இருக்கு, எழுதாம விட்டு விட்டுத்தான் அந்தத் தங்கச்சிக்கு கிருமி கிட்னி வரைக்கும் ஏறி நாலு நாள் வார்ட்ல கிடந்தா.

நான் கேக்கிறது இவ்வளவுதான். அடுத்த சீசன் தொடங்க முதல் கதவு பூட்டுற மாதிரி ரெண்டு டொய்லெட், ஒவ்வொரு நாளும் ஒரு பவுசர், அதாவது ஒரு டேங்க் லொறி தண்ணி.

தண்ணியே இல்லன்னும் சொல்ல ஏலாது. கிழமைக்கு ரெண்டு தரம் பவுசர் வருது, வந்ததும் முதல் பங்கு பானை ஓடு கழுவுற தொட்டிக்கும், மண்ணைத் தண்ணியில கரைச்சு மிதக்கிற கருகின விதையை எடுக்கிற டேங்குக்கும் போகுது. அந்த வேலை எவ்வளவு முக்கியம்னு எனக்குத் தெரியும், மன்னார்ப் பக்கம் பழைய துறைமுகமான மாந்தையில 2009, 2010-ல தோண்டினப்ப எடுத்த மண்ணில இருந்துதான் கருகின நெல்லு, மிளகு, ஒரே ஒரு கராம்பு எல்லாம் கிடைச்சிச்சு, ஆயிரம் வருஷத்துக்கு முந்தி அந்தத் துறைமுகத்துக்கு கடல் தாண்டி என்ன வந்திச்சுன்னு இண்டைக்கு நாம சொல்றது அப்பிடியான துணுக்குகளை வச்சுத்தான். அந்த டேங்க் பக்கத்தில நிண்டு சல்லடையைப் பிடிச்சது நானும்தான் எங்கட சைட்ல, பிடிக்க எனக்கு விருப்பமும் இருக்கு. ஆனா ரெண்டாயிரம் வருஷத்துப் பானை ஓட்டுக்கு பிரஷ் போட்டுக் குளிப்பாட்டிட்டு, அதே கையைக் கழுவ ஒரு சின்ன போத்தல் தண்ணியை நாலு பேர் பங்கு போடுறதை எப்படி சேர் தாங்கிக்கிறது?

டொய்லெட் கேட்டப்ப எல்லாம் ஒரே பதில்தான் வந்திச்சு, தொல்பொருள் இடம், குழி வெட்ட ஏலாது, 1940-ம் வருஷத்துக் கட்டளைச் சட்டம் இருக்குன்னு. சட்டத்தை நாங்களும் மதிக்கிறோம், மண் படையைக் கலைக்கிறது எங்களுக்குத்தான் முதல்ல வலிக்கும். அனுராதபுரத்தில மேற்குப் பக்க மடாலயங்களில இருக்கிற கல் மலசலகூடங்களை நீங்க எல்லாரும் பாத்திருப்பீங்க, எவ்வளவு அழகா செதுக்கி, கீழ பானை வச்சு மணலும் கரியும் போட்டு வடிகட்டி விட்டிருக்கிறாங்க. காட்டுக்குள்ள தவம் இருந்த பிக்குமாருக்கு ஆயிரம் வருஷத்துக்கு முந்தி அதைச் செஞ்சு குடுத்த நாடு இது. அந்த நாட்டோட சரித்திரத்தைத் தோண்டி எடுக்கிற பிள்ளைகள் ஏன் இருட்டுக்காகக் காத்திருக்கணும்?

வேற குறையும் இருக்கு, தொடங்கினா நிக்காது. டென்ட்ல கட்டில் இல்ல, தரையில பாயைப் போட்டுப் படுக்கிறோம், கட்டுவிரியன் ராத்திரியில தரையில படுத்திருக்கிறவங்களைத்தான் கடிக்கும், கடிச்சது கூடத் தெரியாது, மருந்து இருக்கிறது ஆஸ்பத்திரியில, வேன் இருக்கிறது கொழும்பில. கிராமத்தில இருந்து வாற தினக்கூலிக்காரங்களுக்கு மழை பெஞ்சா அண்டைக்கு சம்பளம் இல்ல. அந்த அக்காமார்தான் தங்கட வீட்டுக் கிணத்தில அள்ளின தண்ணியை எங்களுக்குப் போத்தல்ல கொண்டு வந்து தாறது, சம்பளம் வெட்டின அடுத்த நாளும் கொண்டு வந்தாங்க. எங்களுக்கு மூணு மாசக் கொன்ட்ராக்ட், அது முடிஞ்சா நாங்க யாரோ. 2022-ல டீசல் இல்ல, பவுசர் வராதுன்னு சொன்னீங்க, நாடே கியூல நிண்ட நேரம், ஒரு வார்த்தை பேசாம சகிச்சோம். அந்தக் கியூ எல்லாம் முடிஞ்சு போச்சு சேர், பவுசர் மட்டும் இன்னும் கிழமைக்கு ரெண்டு தரம்தான். சைட்ல கண்டெடுத்த பழங்கால முத்திரையைப் பேப்பர்ல போட்டாங்க, அதைப் பாத்து அம்மா சந்தோசப்பட்டா, அந்தக் கட்டிங்கை அலுமாரிக்குள்ள வச்சிருக்கிறா. நான் அங்க தண்ணி குடிக்காம இருந்தேன்னு அவவுக்கு உங்க ஒஃபிஸ் கடிதம் வந்தாப் பிறகுதான் தெரியும்.

கோபத்தில கூடக் குறைய எழுதியிருந்தா மன்னிக்கணும். சண்டை பிடிக்க இதை எழுதல, இந்த வேலையை விட்டுப் போற எண்ணமும் எனக்கு இல்ல, அந்தத் தங்கச்சிக்கும் இல்ல, அவ வார்ட்ல இருந்தே தன்னோட ஷீட்டை யார் முடிச்சதுன்னு கேட்டவ. ரெண்டு டொய்லெட், ஒவ்வொரு நாளும் தண்ணி, தயவுசெய்து அடுத்த சீசனுக்கு முதல். இடப் பிரச்சினையும் இல்ல, குழிக்கு ஏத்த இடமா பாத்து, கேம்புக்கு கிழக்கால இருக்கிற பெரிய புளியமரத்துக்கு அங்கால, போன வருஷம் உங்க அனுமதியோட நாங்க போட்ட சோதனைக் குழியோட வரைபடம் ரிப்போர்ட்ல இருக்கு. ஒரு மீட்டர் வரைக்கும் போனோம், ஓட்டுத் துண்டு ஒண்டு கூட இல்ல, மனுஷர் கை படாத கன்னி மண். நீங்க கையெழுத்து மட்டும் போட்டுத் தாங்க சேர், குழியை நாங்களே வெட்டுறோம்.

இப்படிக்கு,
உங்கள் கள உதவியாளர்களில் ஒருத்தி
கொழும்பு 6