சீரிஸ் III என்று சொல்லி விற்ற வண்டியைத் திருப்பி எடுத்துக்கொண்டு பணத்தைத் தரக் கோரி

பெறுநர்: நிர்வாக மேலாளர் அவர்கள்

பொருள்: 1972 லேண்ட் ரோவர் என்று விற்கப்பட்ட வண்டி விவரத்தோடு பொருந்தாதது, சோதனை அறிக்கை தவறானது, முழுத் தொகையைத் திருப்பித் தருவது பற்றி

அன்புடையீர்,

வணக்கம். உங்கள் நிறுவனத்தில் விற்பனையைக் கவனிப்பவர்கள் தமிழர்கள். தொடக்கத்திலிருந்தே நமக்குள் பேச்சு தமிழில்தான் நடந்தது. அதனால் புகாரையும் தமிழிலேயே எழுதுகிறேன். ஆங்கிலப் பிரதி ஒன்றையும் இதே மின்னஞ்சலில் இணைத்திருக்கிறேன். விஷயம் வெளியே போக நேர்ந்தால் அது தேவைப்படும்.

உங்களிடம் நான் வாங்கியது என்ன என்பதை உங்கள் ரசீதே சொல்கிறது: "1972 லேண்ட் ரோவர் சீரிஸ் III, 88 அங்குலம், 2.25 லிட்டர் பெட்ரோல், முற்றிலும் ஒரிஜினல்." விலை 9,200 பவுண்டு. அதோடு வண்டியைத் தேர்ந்தெடுத்து, நேரில் போய்ச் சோதித்துத் தருவதற்கு என்று தனியாக 400 பவுண்டு. இந்த 400 பவுண்டைத் தயவுசெய்து மறந்துவிடாதீர்கள். என் புகாரில் பாதி அதைப் பற்றியதுதான்.

நான் இருப்பது லண்டன் இல்ஃபோர்டில். நல்ல பழைய வண்டிகள் இருப்பதோ வேல்ஸ் பக்கமும் ஸ்காட்லாந்திலும். வேலையை விட்டுவிட்டு ஒவ்வொரு பண்ணை வீட்டுக் கொட்டகையாக ஏறி இறங்க முடியாது என்பதால்தான் உங்களைப் போன்ற ஒரு நிறுவனத்தை நாடினேன். எனக்கு என்ன வேண்டும் என்பதைத் தெளிவாக எழுதி அனுப்பினேன். அந்த மின்னஞ்சல் இன்னும் உங்களிடம் இருக்கும். சில வருடங்களில் நான் கோத்தகிரிக்குத் திரும்புகிறேன், வண்டியையும் கொண்டுபோக ஆசை என்று அதில் சொல்லியிருந்தேன். கப்பல் செலவும் சுங்கவரியும் என் பாடு. ஆனால் இந்தியாவில் அதை விண்டேஜ் வண்டியாகப் பதிவு செய்ய வேண்டுமானால் 2021-இல் வந்த விதி ஒன்று இருக்கிறது. வண்டிக்கு 50 வயது தாண்டியிருக்க வேண்டும். சேஸிஸ் என்ற அடிச்சட்டத்திலோ பாடியிலோ என்ஜினிலோ பெரிய மாற்றம் எதுவும் செய்திருக்கக் கூடாது. அப்படி இருந்தால் 20,000 ரூபாய் கட்டி 'விஏ' வரிசையில் எண் வாங்கலாம். இல்லையென்றால் அது வெறும் பழைய இரும்பு. இதை அன்றே விளக்கி எழுதினேன். "புரிந்தது அண்ணா, ஒரிஜினல்தான் வேண்டும், அவ்வளவுதானே" என்று உங்கள் அலுவலகத் தம்பி பதில் போட்டார்.

தேர்வு என்ற பெயரில் நீங்கள் முதலில் காட்டிய வண்டிகளைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். ஒன்று டொயோட்டா எஃப்ஜே40. நல்ல வண்டிதான், ஆசையும் வந்தது. ஆனால் ஸ்டீயரிங் இடது பக்கம். வலது பக்க ஸ்டீயரிங் வேண்டும் என்று எழுதிக் கேட்டவனுக்கு அதை ஏன் காட்டினீர்கள் என்று தெரியவில்லை. இன்னொன்று சுசுகி எஸ்ஜே410. அந்த மாடலே 1980-களில்தான் வந்தது. 50 வயது கேட்டவனுக்கு அது எப்படிப் பொருந்தும்? போதாததற்கு, நம் ஊர் மாருதி ஜிப்ஸியின் மூல வண்டியே அதுதான். அதை இங்கிருந்து கப்பலேற்றிக் கோத்தகிரிக்குக் கொண்டுபோனால் ஊரில் சிரிப்பார்கள். கடைசியில் "உங்களுக்காகவே தேடிப் பிடித்தது" என்று இந்த லேண்ட் ரோவரை அனுப்பினீர்கள்.

படங்கள் அழகாகத்தான் இருந்தன. வெளிர் பச்சைப் பெயின்ட், புதுக் கேன்வாஸ் கூரை, பளபளவென்று ஹப். ஆனால் எல்லாமே இடுப்புக்கு மேலே எடுத்த படங்கள். பழைய லேண்ட் ரோவரைப் பற்றிக் கொஞ்சம் தெரிந்தவருக்கே இது போதாது என்று தெரியும். 1948-இல் முதல் லேண்ட் ரோவர் வந்தபோது போருக்குப் பிந்தைய எஃகுப் பஞ்சம். அதனால் உடம்பை அலுமினியக் கலவையில் செய்தார்கள். அந்த வழக்கம் கடைசி வரைக்கும் தொடர்ந்தது. ஆக, வெளித்தோற்றத்தைப் பார்த்து இந்த வண்டியின் வயதையோ நிலைமையையோ சொல்லவே முடியாது. அடியில் இருக்கும் எஃகுச் சட்டமும், டிரைவருக்கு முன்னால் நிற்கும் தடுப்புச் சுவரும்தான் துருப்பிடிப்பவை. அவற்றைப் பார்ப்பதுதான் சோதனை. மேலே பார்ப்பது வேடிக்கை. அடிப்பக்கப் படம் கேட்டேன். "ரிப்போர்ட்டில் எல்லாம் டிக் பண்ணியிருக்கிறோம் அண்ணா" என்றார் தம்பி. உங்கள் அறிக்கையும் அப்படித்தான் சொல்கிறது: சேஸிஸ், நல்ல நிலை. சேஸிஸ் எண், பொருந்துகிறது. ஸ்பிரிங், ஒரிஜினல்.

வண்டி டிரக்கில் வந்து இறங்கியது. ஏறி உட்கார்ந்ததும் முதலில் தேடியது மஞ்சள் குமிழை. சீரிஸ் வண்டிகள் சாதாரணமாகப் பின் சக்கரங்களில் மட்டும் ஓடுபவை. நான்கு சக்கரமும் இழுக்க வேண்டுமானால் மஞ்சள் குமிழை அழுத்த வேண்டும். மலைப் பாதைக்கு, மெதுவாக ஆனால் பலமாக இழுக்கும் லோ ரேஞ்ச் கியர் வேண்டுமானால் சிவப்பு லிவர். இந்த வண்டியில் மஞ்சள் குமிழும் இல்லை, சிவப்பு லிவரும் இல்லை. பிரேக்கை மிதித்தால் பிடிப்பு அபாரம். அதுவும் சந்தேகத்தைத்தான் கூட்டியது, ஏனென்றால் சீரிஸ் III-க்கு நான்கு சக்கரத்திலும் டிரம் பிரேக்தான், அது இவ்வளவு பிடிக்காது. குனிந்து சக்கரத்துக்குப் பின்னால் பார்த்தேன். லாரிகளில் இருப்பது போல அடுக்கடுக்கான பட்டை ஸ்பிரிங் இருக்க வேண்டிய இடத்தில் சுருள் வடிவக் காயில் ஸ்பிரிங் இருந்தது. நான்கு மூலையிலும்.

அன்றோடு வண்டியை ஓட்டுவதை நிறுத்திவிட்டேன். எசெக்ஸில் பழைய லேண்ட் ரோவர்களை மட்டுமே பழுது பார்க்கும் ஒருவரிடம் டிரெய்லரில் அனுப்பி ரேம்பில் ஏற்றிப் பார்க்கச் சொன்னேன். அதற்கு 90 பவுண்டு செலவு. அவர் எழுதித் தந்த அறிக்கையையும் படங்களையும் இணைத்திருக்கிறேன். சுருக்கமாக அவர் சொல்வது இது: சேஸிஸ் சீரிஸ் III-உடையது அல்ல. பழைய ரேஞ்ச் ரோவரின் சேஸிஸ். அதன் சக்கர இடைவெளி 100 அங்குலம். அதை நடுவில் வெட்டி, குறுக்கி, திரும்ப வெல்டிங் செய்து 88 அங்குலம் ஆக்கியிருக்கிறார்கள். மேலே சீரிஸ் III-இன் உடம்பையும் என்ஜினையும் தூக்கி வைத்திருக்கிறார்கள். ஆக்ஸில், டிஸ்க் பிரேக், எப்போதும் நான்கு சக்கரத்திலும் ஓடும் கியர் அமைப்பு எல்லாம் ரேஞ்ச் ரோவருடையவை. வெல்டிங் தடயத்தின் மேல் கெட்டியாகக் கருப்புத் தார்ப் பூச்சு பூசியிருக்கிறது. சுரண்டினால் ஒரு பக்கத்து வெல்டிங்கில் விரிசல்.

எண் விஷயம் இதைவிட மோசம். சீரிஸ் III-இன் சேஸிஸ் எண் வலது முன்பக்க ஸ்பிரிங் தாங்கியின் மேலேயே அடித்திருக்கும். ஆர்.சி. புக் போன்ற இங்கத்திய வி5சி-யில் இருக்கும் எண்ணும் அந்தக் காலத்து வகைதான், எட்டு இலக்கமும் கடைசியில் ஓர் எழுத்தும். டேஷ்போர்டுப் பக்கத்துத் தகட்டில் அதே எண் இருக்கிறது, ஆனால் தகட்டை அடித்திருக்கும் ரிவெட்டுகள் புத்தம் புதியவை. சேஸிஸில் பூச்சைச் சுரண்டிப் பார்த்தால் 'எஸ்ஏஎல்எல்ஹெச்' என்று தொடங்கும் எண்ணின் மிச்சம் தெரிகிறது. அந்த வகை 17 எழுத்து அடையாள எண்ணே 1972-இல் கிடையாது. 'பொருந்துகிறது' என்று உங்கள் அறிக்கையில் டிக் போட்டவர் எந்த எண்ணை எந்த எண்ணோடு பொருத்திப் பார்த்தார்?

இதைக் கண்டுபிடிக்க ரேம்ப்கூட வேண்டியதில்லை. இங்கே வருடா வருடம் செய்யும் எம்ஓடி என்ற சாலைத் தகுதிச் சோதனையில் எந்த வண்டியின் வரலாற்றையும் அரசு இணையதளத்தில் எண்ணைத் தட்டி இலவசமாகப் பார்க்கலாம். 40 வயதான வண்டிகளுக்கு எம்ஓடி விலக்கு வந்தது 2018 மே மாதத்தில்தான். 2005-இலிருந்து அதுவரை நடந்த சோதனைகள் அங்கே இருக்கின்றன. இந்த வண்டிக்கு 2016-இல் ஒரு குறிப்பு: பின்பக்கக் காயில் ஸ்பிரிங்கில் துரு. காயில் ஸ்பிரிங்! அந்த ஒரு வரியைப் படித்திருந்தால் நீங்கள் வேல்ஸுக்குப் பெட்ரோல் செலவு செய்து போயிருக்கவே வேண்டாம். போனீர்களா என்பதும் இப்போது எனக்குச் சந்தேகம்தான்.

தொலைபேசியில் புகார் சொன்னபோது இரண்டு பதில் கிடைத்தது. முதலாவது, "காயில் ஸ்பிரிங் அப்கிரேட் அண்ணா, சொகுசா இருக்கும், டிஸ்க் பிரேக் வேற." வீட்டுக்குக் கறவை மாடு கேட்டவனிடம் பந்தயக் குதிரையைக் கட்டிவிட்டு, இது வேகமாக ஓடும் என்று சொல்வது போல இருக்கிறது. சொகுசு வேண்டுமென்றால் நான் 1972 வண்டியைத் தேடியிருக்கவே மாட்டேன். எனக்கு அந்தக் குலுக்கல்தான் வேண்டும்.

அப்கிரேட் என்று நீங்கள் சொல்வதால் எனக்கு வரும் நஷ்டத்தையும் கேளுங்கள். இந்தியப் பதிவு என்ற கனவு முடிந்தது, அது ஒரு பக்கம் இருக்கட்டும். இங்கேயே இந்த வண்டிக்குச் சாலை வரி இல்லை, எம்ஓடி இல்லை என்று சொல்லித்தான் விற்றீர்கள். அந்தச் சலுகை 40 வயது தாண்டிய, அடிப்படை மாறாத வண்டிகளுக்கு. ஒரு வண்டியின் சேஸிஸையும் ஆக்ஸிலையும் சஸ்பென்ஷனையும் மாற்றிவிட்டால் அது வேறு வண்டி என்றே கருதப்படலாம். இங்கத்திய வாகனப் பதிவு அலுவலகமான டிவிஎல்ஏ இதைக் கண்டால் பழைய எண்ணை எடுத்துவிட்டு, அடையாளம் உறுதியில்லாத வண்டிகளுக்கான கியூ எண் கொடுக்கலாம், வரலாற்று வண்டி என்ற வகையும் போய்விடலாம். 2023 ஆகஸ்ட் 29 முதல் லண்டனின் எல்லாப் பேரூர்களும், புகை அதிகம் விடும் வண்டிகளுக்குக் கட்டணம் வாங்கும் யூலெஸ் எல்லைக்குள் வந்துவிட்டன. இல்ஃபோர்டும் அதற்குள்தான். வரலாற்று வகை போய்விட்டால் இந்த வண்டியை வாசலை விட்டு வெளியே எடுக்கும் ஒவ்வொரு நாளும் 12.50 பவுண்டு. காப்பீட்டையும் நான் ஒரிஜினல் என்று சொல்லித்தான் எடுத்தேன். நாளை ஏதாவது நடந்தால் அந்த நிறுவனம் கையை விரிக்கும். எல்லாவற்றுக்கும் மேலே, விரிசல் விட்ட வெல்டிங். என் பிள்ளைகளைப் பின்னால் ஏற்றிக்கொண்டு எம்25 நெடுஞ்சாலையில் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசிக்கவே பிடிக்கவில்லை.

இரண்டாவது பதில், "நாங்கள் தேடிக் கொடுப்பவர்கள்தான், விற்றவர் வேறு." இது நடக்காது. ரசீதில் இருப்பது உங்கள் நிறுவனத்தின் பெயர். பணம் போனது உங்கள் கணக்குக்கு. விற்றவர் யார் என்றே நீங்கள் இதுவரை எனக்குச் சொன்னதில்லை. அப்படியே தேடிக் கொடுப்பவர் என்று வைத்துக்கொண்டாலும், அந்த 400 பவுண்டு வேலையைத் தகுந்த கவனத்தோடும் திறமையோடும் செய்திருக்க வேண்டும் என்பதும் சட்டம்தான்.

2015-ஆம் ஆண்டின் நுகர்வோர் உரிமைச் சட்டப்படி, வியாபாரி விற்கும் பொருள் சொன்ன விவரத்தோடு பொருந்த வேண்டும், திருப்தியான தரத்தில் இருக்க வேண்டும், வாங்குபவர் முன்கூட்டியே சொன்ன நோக்கத்துக்குப் பயன்பட வேண்டும். மூன்றிலும் இந்த வண்டி தோற்றுவிட்டது. 30 நாளுக்குள் பொருளை நிராகரித்து முழுப் பணத்தையும் திரும்பக் கேட்கும் உரிமை எனக்கு இருக்கிறது. அந்தக் கெடு இன்னும் முடியவில்லை. இந்தக் கடிதத்தின் மூலம் வண்டியை நிராகரிக்கிறேன். சேஸிஸ் மாற்றித் தருகிறோம், கொஞ்சம் விலை குறைக்கிறோம் என்ற பேச்செல்லாம் வேண்டாம். ஒரிஜினல் கேட்டவனுக்குப் புதுச் சேஸிஸ் எதற்கு?

நான் கேட்பது 9,200 பவுண்டு, சோதனைக் கட்டணம் 400, எசெக்ஸ் மெக்கானிக்குக் கொடுத்த 90, ஆக மொத்தம் 9,690 பவுண்டு. திருப்பித் தர ஒப்புக்கொண்ட 14 நாளுக்குள் பணம் வந்துவிட வேண்டும், அதுவும் சட்டத்திலேயே இருக்கிறது. வண்டியை எடுத்துப்போகும் செலவு உங்களுடையது.

ஒரு வாரத்துக்குள் எழுத்தில் பதில் வேண்டும். வராவிட்டால், முன்பணத்தைக் கிரெடிட் கார்டில் கட்டியிருப்பதால் 1974-ஆம் ஆண்டின் நுகர்வோர் கடன் சட்டம் 75-ஆம் பிரிவின்படி முழுத் தொகையையும் கார்டு கொடுத்த வங்கியிடம் கேட்பேன். அதுவும் சரிப்படாவிட்டால் சிறு வழக்கு நீதிமன்றம். அங்கே 10,000 பவுண்டு வரை போகலாம், என் தொகை அதற்குள்தான் இருக்கிறது. வண்டி எண் விஷயத்தை, வியாபார மோசடிகளை விசாரிக்கும் டிரேடிங் ஸ்டாண்டர்ட்ஸுக்கு எப்படியும் தெரிவிப்பேன். அது என் பணத்தோடு முடிகிற விஷயம் இல்லை, இதே வண்டிக்கு இன்னொரு பெயின்ட் அடித்து அடுத்தவருக்குக் கொடுத்துவிடக் கூடாது.

தம்பி மேல் எனக்குக் கோபம் இல்லை. அவருக்குப் பேசத் தெரிகிறது, வண்டியின் அடியில் படுத்துப் பார்க்க யாரும் கற்றுக்கொடுக்கவில்லை. கற்றுக்கொடுக்காமல் அவரைச் சோதனைக்கு அனுப்பியவர்களுக்குத்தான் இந்தக் கடிதம்.

வண்டியை எடுக்க வருபவர்கள் டிரெய்லரோடு வரட்டும். ஓட்டிக்கொண்டு போகிறோம் என்றால் சாவி தரமாட்டேன்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்,
இல்ஃபோர்ட்