ஆறு மணி போன்

எல்லாருக்கும் வணக்கம்ங்க.

என்ன நடந்துச்சுன்னு திரும்ப எழுதப் போறதில்ல. இத படிக்கறவங்கள்ல பாதிப்பேர் அன்னைக்கு ராத்திரி ஆஸ்பத்திரி வராண்டாவுல நின்னவங்க, மீதிப்பேருக்கு அந்தப் பாதிப்பேர் சொல்லியிருப்பீங்க. குடிய விட்டு இன்னைக்கோட 94 நாள் ஆச்சு. கை நடுக்கம் நின்னுருச்சு, நானேதான் டைப் பண்றேன், தப்பு இருந்தா அது என் தமிழோட தப்பு, கையோட தப்பு இல்ல.

மொதல்ல பேச்சுக்கு எல்லாரையும் ஒரே மூட்டையா கட்டிக்கறேன், கோவிச்சுக்காதீங்க. பணம் போட்டு அனுப்பிச்ச பேட்ச் பசங்க, யார் எவ்வளவு போட்டீங்கன்னு என்கிட்ட சொல்லக்கூடாதுன்னு நீங்களே பேசி வெச்சுக்கிட்டீங்களாமே, அதுக்கே தனியா ஒரு கும்பிடு. நான் படுத்துக் கெடந்தப்போ கடையத் தொறந்து, ஜிஎஸ்டி ரிட்டர்ன் வரைக்கும் முடிச்சுக் குடுத்த மச்சான். ரத்தம் குடுத்துட்டு பேர் கூட சொல்லாம போன ரெண்டு காலேஜ் பசங்க. நைட் டியூட்டி சிஸ்டரம்மா, நான் கண்டபடி திட்டினதுக்கெல்லாம் "சரிங்கப்பா, சரிங்கப்பா"ன்னே சொன்னாங்களாம். எதிர்வீட்டு அக்கா, 20 நாளா தூக்குப்போசியில கொள்ளு ரசம். அப்புறம் ஏஏ, அதாவது ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ், குடிய விடறவங்க ஒண்ணா உக்காந்து பேசற கூட்டம், அங்க பக்கத்து சேர்ல உக்கார்றவங்க, பேர் சொல்லக்கூடாதுங்கறது அங்க ரூல், அதனால மூஞ்சிய மட்டும் நெனச்சுக்கறேன். வீட்டுக்காரிக்கு இங்க நன்றி போட்டா ஊருக்கு முன்னாடி சீன் போடறியான்னு கேப்பா, அந்தக் கணக்க வீட்டுலயே தீத்துக்கறோம்.

இப்போ விஷயத்துக்கு வர்றேன். ஒருத்தனப் பத்தி எழுதணும். பேர் போடாதீங்கண்ணான்னு சத்தியமே வாங்கிட்டான். அப்புறம் உன்ன எப்படிடா சொல்றதுன்னு கேட்டேன், "தோபி நம்பர் போடுங்ணா"ன்னான். ஹாஸ்டல்ல படிச்சவங்களுக்குத் தெரியும், ஜட்டி பனியன்ல இருந்து பெட்ஷீட் வரைக்கும் செவப்பு நூல்ல ஒரு நம்பர் தெச்சிருப்பாங்க, தோபிகிட்ட இருந்து திரும்பி வர்றப்போ யாருது எதுன்னு பிரிக்கறதுக்கு. அவன் 147.

1997. ஊட்டி. நாங்க ப்ளஸ் டூ, அவன் ஏழாவது. நம்ம ஸ்கூல்ல ப்ளஸ் டூன்னா அது படிப்பு இல்ல, பதவி. டார்ம்ல வரிசையா 30 கட்டில் போட்டுப் படுத்தது போயி ஆளுக்கு ஒரு ஸ்டடி, மரத்தடுப்புதான், ஆனாலும் கதவுன்னு ஒண்ணு இருக்கும். லைட்ஸ் ஆஃப் மத்தவங்களுக்கு ஒன்பதரை, எங்களுக்கு பதினொண்ணு. ஷூவுக்கு பாலிஷ் போட ஒரு பொடியன், காலைல சுடுதண்ணி பக்கெட் தூக்க ஒரு பொடியன், ஜனவரில கிரவுண்டெல்லாம் உறைபனி வெள்ளையா கெடக்கும், அதுல அந்தப் பசங்க பக்கெட்ட ரெண்டு கையிலயும் புடிச்சுக்கிட்டு ஓடி வர்றத ஜன்னல்ல இருந்து பாத்துக்கிட்டே கம்பளிக்குள்ள படுத்திருப்போம். நாங்களும் ஏழாவதுல தூக்கினவங்கதான், அதனால நியாயம்தான்னு நெனச்சுக்கிட்டோம். எங்களுக்கு முன்னாடி இருந்தவங்களும் அப்படித்தான் நெனச்சிருப்பாங்க.

சரக்கு எப்போ உள்ள வந்துச்சுன்னு யோசிச்சுப் பாத்தா, சோஷியல்தான் ஆரம்பம். வருஷத்துக்கு ஒரு தடவ பக்கத்து கேர்ள்ஸ் ஸ்கூல்ல இருந்து ஒரு பஸ் வரும், டைனிங் ஹால்ல பெஞ்செல்லாம் ஓரமா தள்ளிட்டு, ட்யூப்லைட்டுக்கு கலர் பேப்பர் சுத்தி, ஒரு டேப் ரெக்கார்டர், நாலு மூலையிலயும் நாலு டீச்சர். பிளேசர், டை, தலைல தண்ணி தடவி வகிடு எடுத்து நின்னா ஒரு வார்த்த பேச வராது. சீனியர் ஒருத்தன் முந்தின வருஷம் சொல்லிட்டுப் போயிருந்தான், ரெண்டு மூடி உள்ள போனா பேச்சு தானா வரும்னு. வந்துச்சுங்க. எவகிட்டயும் பேசல, ஆனா பாத்ரூம் பின்னாடி நாங்க நாலு பேரும் ஒருத்தன் தோள்ல ஒருத்தன் கைபோட்டு நின்னு பேசினோம் பாருங்க, அந்த மாதிரி அதுக்கு முன்னாடி பேசினதே இல்ல. எட்டு வயசுல கொண்டுவந்து விட்ட அம்மா பஸ் ஏறினத அன்னைக்குத்தான் ஒருத்தன் மொத தடவையா சொன்னான், நாங்க மூணு பேரும் அழுதோம். குடி எனக்குப் புடிச்சுப் போனது டேஸ்ட்டுக்காக இல்ல, இதுக்காகத்தான்னு டாக்டர்கிட்ட சொன்னேன், அவர் தலையாட்டிட்டு ஏதோ எழுதிக்கிட்டார்.

அப்புறம் சனிக்கெழமைன்னா அதுதான் ப்ரோக்ராம். நாலு பேரோட பாக்கெட் மணி சேர்ந்தா ஒரு ஆஃப் ரம். போர்ன்விட்டா ஃபிளாஸ்க்ல ஊத்தி ஹீட்டர் காயில்ல சுட வெச்ச தண்ணி கலந்து, பல்லு விளக்கற மக்குல குடிப்போம். வாசனைக்கு யூகலிப்டஸ் தைலம், ஊட்டியில அதுக்கா பஞ்சம், கழுத்து, மூக்கு, போர்வையெல்லாம் தடவிக்குவோம். ப்ளஸ் டூ பசங்களுக்கு மட்டும் வருஷம் பூரா ஜலதோஷமான்னு ஹவுஸ் மாஸ்டர் ஒருநாள் கூட கேட்டதில்ல. தெரிஞ்சே விட்டாரோ என்னமோ. காலி பாட்டில் ஹாக்கி கோல்கீப்பர் பேடுக்குள்ள.

வாங்கிட்டு வர்றதுக்கு ஆள் வேணும்ல. அதுக்குத்தான் 147. அப்போ கவர்மெண்ட் கடை கெடையாது, 2003 நவம்பர்லதான் டாஸ்மாக் சில்லறை விற்பனைய கையில எடுத்துச்சு, அதுக்கு முன்னாடி எல்லாம் தனியார் ஒயின் ஷாப். செவுத்தத் தாண்டி, கற்பூர மரக்காட்டுக்குள்ள எறங்கி, ஓடையத் தாண்டினா பஜார். 21 வயசு ஆகாதவனுக்கு விக்கக்கூடாதுங்கறது சட்டம். இவனுக்கு 12. அப்பாவுக்குன்னு சொல்லுடான்னு நாங்கதான் சொல்லிக் குடுத்தோம்.

ரீயூனியன்ல வருஷா வருஷம் நாம சொல்ற கதை உங்க எல்லாருக்கும் மனப்பாடம். மழையில வழுக்கி விழுந்து, ஸ்வெட்டருக்குள்ள வெச்சிருந்த பாட்டில் ஒடைஞ்சு, ரம்முல குளிச்ச மாதிரி வந்து நேரா வார்டன் முன்னாடி நின்னானே ஒரு பொடியன், ரெண்டு வாரம் சஸ்பெண்ட் பண்ணியும் ஒருத்தன் பேரக்கூட வெளிய விடலையே, அவன்தான் ஆம்பளைன்னு க்ளாஸ் தூக்குவோமே. அதச் சொல்லி நானும் 25 வருஷமா சிரிச்சிருக்கேன்.

அந்தப் பொடியன் இப்போ கோத்தகிரி பக்கம் ரெண்டு ஏக்கர் தேயிலை வெச்சிருக்கான். எனக்கு உடம்பு சரியில்லாதது யார் மூலமாவோ தெரிஞ்சிருக்கு. நான் டிஸ்சார்ஜ் ஆகி வீட்டுக்கு வந்த ரெண்டாவது நாள், சாயங்காலம் ஆறு மணிக்கு புது நம்பர்ல இருந்து போன். "அண்ணா, 147 பேசறேன்."

எனக்கு நிஜமாவே ஞாபகம் வரல. கடன்காரன் நம்பரோன்னு நெனச்சேன்.

பத்து நிமிஷம் பேசினான். என்ன ஆச்சுன்னு கேக்கல, இனி குடிக்காதீங்கண்ணான்னு சொல்லல. பச்சைத் தேயிலை கிலோவுக்கு என்ன வெல போகுது, நாய் எத்தன குட்டி போட்டுருக்கு, மக சைக்கிள் கேக்கறா. வெச்சுட்டான். மறுநாள் ஆறு மணிக்கு மறுபடியும். அதுக்கு மறுநாளும். குடிக்கறவங்களுக்குத் தெரியும் ஆறு மணின்னா என்னன்னு. கடை பகல் 12 மணிக்கே தொறந்துரும், அதெல்லாம் தாங்கிக்கலாம், ஆனா வெளிச்சம் எறங்கி தெரு லைட் எரியற அந்த அரைமணி நேரம் இருக்கே, தொண்டையில யாரோ கைய விட்டு இழுக்கற மாதிரி இருக்கும். அந்த நேரத்துலதான் கரெக்டா இவன் நாய்க்குட்டி கதை சொல்லுவான். அவங்க வீட்ல டவர் கெடைக்காது, மேட்டுல தண்ணித் தொட்டிகிட்ட ஏறித்தான் பேசணும்னு ரொம்ப நாள் கழிச்சுத்தான் தெரிஞ்சுது. ஒருநாள் ஆறே காலுக்கு வந்துச்சு போன், மூச்சு வாங்கிக்கிட்டே, "சாரிங்ணா, வழியில காட்டுமாடு நின்னுருச்சு, அது நகர்ற வரைக்கும் நானும் நிக்க வேண்டியதாயிருச்சு." அந்தப் பதினஞ்சு நிமிஷம் நான் செருப்பு மாட்டி வாசல் வரைக்கும் போயிட்டேன்ங்கறத அவன்கிட்ட இன்னும் சொல்லல. இங்க படிச்சுத் தெரிஞ்சுக்குவான்.

ஏஏ கூட்டத்துல இதச் சொன்னப்போ ஒரு பெரியவர் சொன்னார், இந்த ஏஏ ஆரம்பிச்சதே ஒரு போன்லதானாம். 1935 மே மாசம், அமெரிக்காவுல ஆக்ரன்ங்கற ஊர், குடிய விட்டு அஞ்சாறு மாசமே ஆன பில் வில்சன்னு ஒருத்தர் ஹோட்டல்ல நிக்கறார், ஒரு பக்கம் பார் சத்தம், இன்னொரு பக்கம் போன். போனை எடுத்து அந்த ஊர் பாதிரியார்களுக்குப் போட்டு, என்ன மாதிரி குடிகாரன் ஒருத்தன் உங்க ஊர்ல இருந்தா சொல்லுங்க, அவன்கிட்ட பேசினாத்தான் நான் தப்பிப்பேன்னு கேட்டுருக்கார். அப்படி கெடைச்சவர்தான் டாக்டர் பாப். 147 குடிக்கறவன் இல்லையேன்னு நான் கேட்டேன். பெரியவர் டீய உறிஞ்சிட்டு, "உங்க குடியில அவருக்கும் பங்கு இருக்குல்ல"ன்னார். அன்னைக்கு எனக்கு அது புரியல.

41வது நாள். பேச்சுவாக்குல பாட்டில் கதை வந்துச்சு. 2022ல இருந்து நீலகிரியில டாஸ்மாக் பாட்டிலுக்கு 10 ரூபா சேத்து வாங்கறாங்க, காலி பாட்டிலத் திருப்பிக் குடுத்தா 10 ரூபா வாபஸ், காட்டுல ஒடைச்சுப் போடற கண்ணாடி யானை கால்ல ஏறுதுன்னு கோர்ட் வரைக்கும் போயி வந்த திட்டம். "இது நம்ம காலத்துலயே வந்திருந்தா உங்க கோல்கீப்பர் பேடுல இருந்து எடுத்தே நான் எஸ்டேட் வாங்கியிருப்பேங்ணா"ன்னான். விழுந்து விழுந்து சிரிச்சோம். சிரிப்போட சிரிப்பா நான் அந்த மழை நாள் கதைய எடுத்தேன், ரீயூனியன்ல சொல்ற அதே ஸ்டைல்ல. அவன் அமைதியா கேட்டுக்கிட்டே இருந்தான். தகரத்துல மழை விழற சத்தம் மட்டும் கேட்டுச்சு.

அப்புறம் சொன்னான். "அன்னைக்குத்தாங்ணா எங்கப்பா மொத தடவ நம்ம ஸ்கூலுக்கு வந்தாரு."

அவங்கப்பா பஸ் மாறி மாறி வந்திருக்கார். வார்டன் அந்த ஸ்வெட்டர துவைக்காம பேப்பர்ல சுத்தி மேஜை மேல வெச்சிருந்தாராம். பிரிச்சு மோந்து பாத்துட்டு அவர் ஒண்ணும் பேசல. பஸ்ல மேட்டுப்பாளையம் எறங்கற வரைக்கும் பேசல. "குடிச்சியாடான்னு கேப்பாரு, இல்லப்பான்னு சொல்லலாம்னு இருந்தேங்ணா. கடைசி வரைக்கும் கேக்கவே இல்ல. போன வருஷம் போயிட்டாரு." அப்புறம் உடனே, "சரிங்ணா, சாப்டுட்டு படுங்க, இங்க சாரல் ஜாஸ்தியாயிருச்சு."

வெச்சுட்டான். நான் அன்னைக்கு ராத்திரி முழுக்க ஹால்லயே உக்காந்திருந்தேன். குடிக்கணும்னு தோணல, அது ஒரு ஆச்சரியம். நாளைக்கு போன் வராதுன்னு மட்டும் நிச்சயமா தெரிஞ்சுது.

வந்துச்சுங்க, ஆறு மணிக்கு. ரெண்டு குட்டிய யாரோ வளக்க எடுத்துட்டுப் போயிட்டாங்களாம்.

மன்னிப்பு கேட்டேன். "விடுங்ணா, நீங்களும் சின்னப்பசங்கதான அப்போ"ன்னு சொல்லிட்டு மறுபடி தேயிலை வெலைக்குப் போயிட்டான். எதுக்குடா எனக்கு டெய்லி போன் பண்றன்னு கேக்கலாம்னு இத்தன நாளா நெனைக்கறேன், கேட்டா நின்னுருமோன்னு பயம்.

பேட்ச் பசங்களுக்கு ஒண்ணு சொல்லிடறேன். டிசம்பர் ரீயூனியனுக்கு வர்றேன், எனக்கு ஒரு லைம் சோடா சொல்லிடுங்க. அந்தக் கதைய நானே சொல்றேன், இந்தத் தடவ மேட்டுப்பாளையம் பஸ் வரைக்கும் சொல்லுவேன். அதுக்கப்புறம் யாராவது க்ளாஸ் தூக்கறதுன்னா தூக்கிக்கங்க.

நேத்து இத எழுதப் போறேன்னு சொன்னப்போ, என் தோபி நம்பர் என்னன்னு யோசிச்சுப் பாத்தேன், சுத்தமா ஞாபகம் இல்லடான்னேன். அவன் யோசிக்கவே இல்ல.

"62ங்ணா. உங்க துணிய நான்தான மடிச்சு வெப்பேன்."

இப்படிக்கு,
62