சோளகத்தில் கடல், வாடையில் காற்று: செயலாளரின் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும் நிர்வாக சபையினருக்கும் வெள்ளவத்தை கரையோர அங்கத்தவர்களுக்கும் வணக்கம். வரவு செலவைப் பொருளாளர் தனியே சமர்ப்பிப்பார்.

நமது கரையில் நல்ல காற்றும் நல்ல கடலும் ஒன்றாக வாய்ப்பது குறைவு. மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குக் காற்றான சோளகம் கடலிலிருந்து நேரே வீசுவதால் கரையோர வீதியான மரைன் டிரைவ் பக்கம் காற்று சுத்தம்; கடலோ இறங்கக்கூடாத கொந்தளிப்பு. நவம்பர் முதல் பெப்ரவரி வரை கடல் அடங்கும்; அப்போதுதான் வடகிழக்குக் காற்றான வாடையோடு இந்தியப் பக்கத்து மாசும் வந்து, காலி வீதியின் பஸ் புகையோடு சேர்ந்து தேங்கும். 2022 டிசம்பர் 9 அன்று இந்தக் காரணத்தால் பாடசாலைகளே மூடப்பட்டன. எனவே சங்கத்தின் வேலைகளும் இவ்விரு காற்றுகளை ஒட்டியே பிரிக்கப்பட்டுள்ளன.

கடற்கரை வேலைதான் அதிகம். கொழும்பில் வற்றுக்கும் பெருக்குக்கும் இடையே ஒரு மீற்றர்கூட வித்தியாசமில்லை. ஆகவே பார்க்க வேண்டியது அலையைத்தான். தெற்கே வெகுதொலைவில் வீசிய புயலின் அலை, இங்கே வானம் தெளிந்திருக்கும் நாளிலும் வந்தடிக்கும். வெண்ணுரையாக உடையும் அலைகளுக்கு நடுவே உடையாமல் மட்டமாகத் தெரியும் இடைவெளியைப் பார்த்து, 'இங்கே அமைதி' என்று பிள்ளைகள் இறங்குகிறார்கள். கடலுக்குள் இழுக்கும் நீரோட்டம் ஓடுவது அங்கேதான். கலங்கிய மண்ணிறமும் வெளிநோக்கி நகரும் நுரையும் அதன் அடையாளம். கால்வாய் வாயிலிலும் அணைக்கற்களின் ஓரத்திலும் அடிக்கடி உண்டாகும். அது ஆளை அடியில் அமிழ்த்துவதில்லை, வெளியே கொண்டுபோகிறது. எதிர்த்து நீந்திக் களைப்பதாலேயே உயிர் போகிறது. மிதந்தபடி கையை உயர்த்தி உதவி கேட்கவும். முடிந்தால் கரைக்குச் சமாந்தரமாக நீந்தி, அலை உடையும் இடம் வந்ததும் கரைக்குத் திரும்பவும்.

காப்பாற்றப் பாய்கிறவரும் மூழ்குவது வழக்கமாகிவிட்டது. பாயாமல், மூடிய வெற்று 5 லீற்றர் தண்ணீர்ப் போத்தலையாவது எறியுங்கள். பொலிஸ் அவசர எண் 119ஐயும் அம்புலன்ஸ் எண் 1990ஐயும் அழையுங்கள். கரைசேர்த்தவர் மூச்சுவிடாவிட்டால் வயிற்றை அமுக்க வேண்டாம். முதலில் ஐந்து முறை வாய்வழி மூச்சு, பின் 30 நெஞ்சழுத்தத்துக்கு 2 மூச்சு.

மிதவை வளையங்களுக்கு 8 மில்லிமீற்றர் தடிப்பில் 30 மீற்றர் பொலிப்புரோப்பிலீன் கயிறே வேண்டும். கடையில் மலிவாகக் கிடைப்பதாகச் சிலர் பரிந்துரைத்த நைலோன் கயிறு தண்ணீரில் தாழும். ஆனால் பொலிப்புரோப்பிலீன் வெயிலில் பொடியும். விரலால் தேய்த்து இழை உதிர்ந்தால் மாற்ற வேண்டும். கொளுக்கிகள் 316 தர துருப்பிடிக்காத உருக்காக இருக்கட்டும். சாதாரண இரும்பு உப்புக்காற்றில் நிலைக்காது.

கடலுக்குப் போகும் வழியே இன்னோர் ஆபத்து. இரட்டைத் தண்டவாளத்தில் ஒரு ரயில் போனதும் கடக்கிறார்கள். மறுபக்க ரயிலின் சத்தத்தை அலைச்சத்தம் மூடிவிடுகிறது. காதில் ஹெட்போன் மாட்டியவர்களுக்குச் சொல்லவே வேண்டாம்.

கனமழைக்குப் பின் இரண்டு நாளாவது கால்வாய் வாயிலருகே குளிக்க வேண்டாம். மார்ச், ஏப்ரல், ஒக்டோபர், நவம்பர் மாதங்களில் பிற்பகல் இடி கேட்டால் உடனே மணலைவிட்டு வெளியேற வேண்டும்.

காற்றைப் பற்றி வந்த கேள்விகளில் பெரும்பாலானவை எண் குழப்பமே. கைபேசியில் தெரியும் 100 என்பது அமெரிக்கக் காற்றுத்தரச் சுட்டெண். அது பீஎம் 2.5 நுண்துகள் கனமீற்றருக்குச் சுமார் 35 மைக்ரோகிராம் இருப்பதையே குறிக்கும். 24 மணி நேரச் சராசரிக்கு இலங்கையின் எல்லை 50 மைக்ரோகிராம், உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டல் 15. சுட்டெண்ணையும் மைக்ரோகிராம் அளவையும் ஒரே தட்டில் வைக்கக் கூடாது. மலிவான லேசர் உணர்கருவிகள் ஈரப்பதம் மிகுந்த விடிகாலையில் கூட்டிக் காட்டும், ஏனெனில் நீர் ஏறிப் பருத்த துகளையும் அவை அப்படியே எண்ணுகின்றன. தொடர்மாடிகளில் கருவியைச் சமையலறைப் புகைபோக்கிக்கும் ஜெனரேட்டருக்கும் எட்ட, மழை படாத நிழலில் மாட்டவும். ஆஸ்துமா உள்ளவர்களுக்கு என்95 முகக்கவசம்தான் பயன்படும். துணிக்கவசம் நுண்துகளைத் தடுக்காது.

அடுத்த ஆண்டுக்கு இரு கோரிக்கைகள்: சோளகம் தொடங்குமுன், ஏப்ரலிலேயே எல்லாக் கயிறுகளையும் மாற்றும் செலவுக்கு இச்சபையின் அனுமதி, எச்சரிக்கைப் பலகைகளை மும்மொழியிலும் எழுத மாநகர சபைக்கு அனுப்பும் கடிதத்தில் அங்கத்தவர்களின் கையொப்பம். கடிதம் வாசல் மேசையில் உள்ளது.

செயலாளர்