வியாழக்கிழமை வண்டி

அன்புள்ள மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். நானும் அம்மாவும் நலமாக இருக்கிறோம். “நலம், பிறகு பேசுகிறேன்” என்று நீ அனுப்பிய செய்தி வந்து இன்றோடு 19 நாள்கள் ஆகின்றன. உனக்கு வேலை மிகுதியாக இருக்கும் என்று அம்மாவுக்கு நான்தான் சமாதானம் சொல்லிக்கொண்டிருக்கிறேன். அடிக்கடி அழைத்து உன்னைத் தொந்தரவு செய்ய வேண்டாம் என்று, எங்கள் தெருவுக்குப் புதிதாக வந்திருக்கும் குப்பை சேகரிப்பு முறையைப் பற்றி எழுத உட்கார்ந்தேன். உன் பகுதியிலும் இதே ஏற்பாடு வந்துவிட்டதாகச் சென்ற முறை சொன்னாய். ஆகவே நாங்கள் பட்ட பாடு உனக்குப் பயன்படும்.

இரண்டு மாதங்களுக்கு முன்பு ஒரு நாள் காலையில் மூன்று தொட்டிகளை வாசலில் இறக்கி, ஒரு துண்டறிக்கையையும் கையில் கொடுத்துவிட்டுப் போனார்கள். உணவுக் கழிவை வாரந்தோறும் வியாழக்கிழமை எடுப்பார்கள். மறுசுழற்சிப் பொருள்களையும் மற்ற குப்பையையும் ஒரு வாரம் விட்டு ஒரு வாரம் மாற்றி மாற்றி எடுப்பார்கள். அம்மா அறிக்கையை இரண்டு முறை படித்தாள். இத்தனை வயதுக்கு மேல் குப்பை போட எனக்கு யாரும் பாடம் நடத்த வேண்டாம் என்று சொல்லி, நான் அதை மடித்து நாள்காட்டிக்குப் பின்னால் செருகிவிட்டேன்.

இரண்டாவது வியாழக்கிழமை தெருவில் எல்லாத் தொட்டிகளும் காலியாகிவிட, நம் மறுசுழற்சித் தொட்டி மட்டும் நிரம்பியபடியே நின்றது. மூடியில் ஒரு மஞ்சள் சீட்டு ஒட்டியிருந்தது. பனியில் நனைந்து அதன் ஓரம் சுருண்டிருந்தது. சிந்தாமல் இருக்கட்டும் என்று பாட்டில்களையும் டப்பாக்களையும் நான் ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு இறுக்கி முடிச்சுப் போட்டிருந்தேன், அதுதான் தவறாம். பிரிக்கும் இயந்திரத்தில் சுழலும் தண்டுகளில் இந்தப் பைகள் சுற்றிக்கொண்டால், இயந்திரத்தை நிறுத்திவிட்டு ஒருவர் உள்ளே இறங்கிக் கத்தியால் அறுத்து எடுக்க வேண்டும். நான் சுத்தம் என்று நினைத்துப் போட்ட முடிச்சு இன்னொருவருக்கு ஆபத்தாக முடியும் என்பது எனக்குத் தோன்றவே இல்லை. அன்று நான் எரிச்சலில் புலம்பியபோது அம்மாதான் தேற்றினாள். பாரிஸில் பூபெல் என்ற ஆட்சியாளர் 1884-லேயே வீட்டுக் குப்பையை மூன்றாகப் பிரித்துத் தொட்டிகளில் வைக்கச் சொன்னபோது அந்த ஊரே அவரைத் திட்டியது என்றும், இன்றும் பிரெஞ்சு மொழியில் குப்பைத் தொட்டிக்கு அவர் பெயர்தான் என்றும் எங்கோ படித்ததைச் சொன்னாள். உன் அம்மாவுக்கு இதெல்லாம் எப்படித் தெரிகிறது என்று நான் ஒரு நாளும் கேட்டதில்லை.

ஆகவே நீ எதையும் பையில் கட்டிப் போடாதே. டப்பாவைக் கழுவி, கவிழ்த்து வைத்து, ஈரம் போன பிறகு போடு. அடியில் தங்கிய எண்ணெய் பக்கத்திலுள்ள காகிதத்தில் ஊறினால், அந்தக் காகிதம் மறுபடி தாளாகப் பயன்படாது. காகிதக் கோப்பையின் உட்புறத்தில் மெல்லிய பிளாஸ்டிக் பூச்சு இருப்பதால் அதைக் காகிதத்தோடு சேர்க்கக் கூடாது. சூடு தாங்கும் கண்ணாடிப் பாத்திரம் உடைந்தால் பாட்டில்களோடு போட்டுவிடாதே. அது உருகும் வெப்பநிலை வேறு. அலுமினிய டப்பாவில் ஒன்றைக்கூட வீணாக்காதே. தாதுவிலிருந்து புதிதாக அலுமினியம் எடுக்கச் செலவாகும் ஆற்றலில் ஏறத்தாழ 5 விழுக்காடு இருந்தால் போதும், பழையதை உருக்கி எடுத்துவிடலாம்.

இதையெல்லாம் உனக்குச் சொல்ல நான் யார் என்றும் தோன்றுகிறது. ஏழாம் வகுப்பில் படிக்கும்போது வீட்டிலிருந்த பிளாஸ்டிக் சாமான்களையெல்லாம் கூடத்தில் கவிழ்த்துப் போட்டு, முக்கோணத்துக்குள் இருக்கும் எண்களை நோட்டில் எழுதி, 1 என்றால் தண்ணீர் பாட்டில் வகை, 2 என்றால் ஷாம்பு பாட்டில் வகை என்று ஒப்பித்தவள் நீ. அந்த எண் பிளாஸ்டிக்கின் இனத்தை மட்டுமே காட்டுகிறது, எண் இருக்கிறது என்பதற்காக அதை மறுசுழற்சிக்கு எடுத்துக்கொள்வார்கள் என்று நம்பக் கூடாது என்று நீ அன்றே சொன்னாய். இப்போது அதே வரி துண்டறிக்கையில் இருக்கிறது. என் மகள் சின்ன வயதிலேயே சொன்னாள் என்று எதிர்வீட்டுக்காரரிடம் இரண்டு முறை சொல்லிவிட்டேன். அப்படி ஒன்று விடாமல் எங்களுக்கு விளக்கிச் சொன்ன பிள்ளை, இப்போது மூன்றே சொற்களில் செய்தி அனுப்புகிறாய்.

உணவுக் கழிவை மட்டும் தள்ளிப்போடாதே. மற்ற குப்பையோடு சேர்ந்து குப்பைமேட்டில் காற்றுப்படாமல் அழுகினால் அதிலிருந்து மீத்தேன் வெளியாகிறது. நூறு ஆண்டுக் கணக்கில் பார்த்தால் அது கரியமில வாயுவைவிட 25 மடங்குக்கும் அதிகமாக வெப்பத்தைப் பிடித்து வைக்கும். தனியாகக் கொடுத்தால் உரமாகிவிடும். சமையலறையில் வைக்கும் சிறிய வாளியின் அடியில் செய்தித்தாளை மடித்துப் போட்டால் ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும், நாற்றமும் குறையும். எங்கள் இருவருக்கும் வாளி இரண்டு நாள்களில் நிரம்பிவிடுகிறது. ஒருவருக்கு மட்டும் சமைக்கும் வீட்டில் நான்கைந்து நாள்கள் ஆகுமாம். உன் வீட்டில் எத்தனை நாள்களில் நிரம்புகிறது என்று எழுது.

இன்னொன்று. தொட்டியை வெளியே வைப்பது மாப்பிள்ளையின் வேலை என்று முன்பெல்லாம் சிரித்துக்கொண்டே சொல்வாய். சென்ற மாதம் பேசியபோது, இரவு பதினொரு மணிக்கு நீயே படியில் இறக்கிக்கொண்டு போய் வைத்துவிட்டு வந்ததாகச் சொன்னாய். அம்மா ஏதோ கேட்பதற்குள் பேச்சை மாற்றிவிட்டாய். அந்த நேரத்தில் தனியாக இறங்காதே. நிரம்பிய தொட்டி கனமாக இருக்கும், படியில் சக்கரம் வழுக்கும். மாலையிலேயே வைத்துவிடு. தனியாக இறங்காதே.

பேட்டரியை இந்த மூன்று தொட்டிகளில் எதிலும் போடாதே. இதை நான் கற்றுக்கொண்ட விதத்தை உன் அம்மாவைத் தவிர யாரிடமும் விரிவாகச் சொன்னதில்லை. மேசை இழுப்பறையில் உன் பழைய கைபேசியின் பேட்டரி கிடந்தது; கல்லூரியில் முதலாண்டு படித்தபோது நீ வைத்திருந்த கைபேசி. பேட்டரி உப்பித் தலையணை போல ஆகியிருந்தது. அறிக்கையை எடுத்துப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். நான் அதைத் தாளில் சுற்றி மற்ற குப்பையில் போட்டேன். வியாழக்கிழமை வண்டியின் பின்புறத் தகடு குப்பையை அழுத்தியபோது சீறும் ஓசை கேட்டது, வெண்புகை கிளம்பியது. லித்தியம் பேட்டரி நசுங்கினால் உள்ளேயே மின்சுற்று இணைந்து தானாகச் சூடேறித் தீப்பிடிக்கும். குப்பையை அப்படியே சாலையில் கொட்டி, தீயணைப்புக் கருவியால் அணைத்தார்கள். பணியாளர் ஒருவருக்கு இடது கையில், கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவே, தோல் சிவந்து கொப்பளித்துவிட்டது. அம்மா ஓடிப்போய்த் தண்ணீர் ஊற்றிக்கொண்டே இருந்தாள். எந்த வீட்டிலிருந்து வந்தது என்று தெரியவில்லை என அவர் சொன்னது என் காதில் விழுந்தது. நான் சன்னல் திரைக்குப் பின்னால் நின்றேன்.

அதன் பிறகு மூன்று வியாழக்கிழமைகள் வண்டிச் சத்தம் கேட்டதும் குளியலறைக்குள் போய்விட்டேன். அம்மா ஒரு வார்த்தையும் கேட்கவில்லை. நான்காவது வியாழக்கிழமை வாசலில் நின்று, அது என் வீட்டுப் பேட்டரி என்று அவரிடம் சொன்னேன். அவர் கையை நீட்டிக் காட்டினார்; கொப்பளம் ஆறி, இடம் கறுத்திருந்தது. முனைகளில் ஒட்டுநாடா ஒட்டி, மின் கழிவு வாங்கும் இடத்தில் கொடுங்கள் ஐயா என்றார். திட்டியிருந்தால் எனக்குத் தூக்கம் வந்திருக்கும்.

திரைக்குப் பின்னால் நின்றது அது முதல் முறை இல்லை அம்மா. உன் திருமணத்துக்கு இரண்டு வாரம் முன்பு, நான் செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தபோது, நாற்காலிக்கு அருகில் வந்து நின்று ஏதோ சொல்லத் தொடங்கினாய். எல்லாம் சரியாகிவிடும் என்று சொல்லி நான் தாளைத் திருப்பினேன். நீ சொல்ல வந்தது என்ன என்று எனக்கு இன்றுவரை தெரியாது. மறுசுழற்சிக்காகப் பழைய தாள்களை மாதவாரியாக அடுக்கிக் கட்டும்போது அந்த மாதத்துக் கட்டு கையில் வந்தது. அதை மட்டும் தொட்டியில் போட முடியவில்லை.

உன் அறையிலிருந்தும் எதையும் எடுத்துப் போடவில்லை. அலமாரி, கட்டில், ஏழாம் வகுப்பு நோட்டு எல்லாம் இருந்த இடத்திலேயே இருக்கின்றன. அம்மா வாரம் ஒரு முறை தூசி தட்டுகிறாள். புதன்கிழமை மாலையில் தொட்டியை வைத்துவிட்டு வந்த பிறகு நாங்கள் இருவரும் வீட்டில்தான் இருப்போம். பேச முடியாவிட்டால் எழுது. நீளமாக எழுத வேண்டாம். உன் தெருவுக்கு வண்டி என்றைக்கு வருகிறது, வாளி எத்தனை நாள்களில் நிரம்புகிறது, தொட்டியை இப்போது யார் வெளியே வைக்கிறார்கள், இவ்வளவு எழுதினால் போதும்.

அன்புடன்,
அப்பா