நீச்சல் குளம் வேண்டாம், பக்கத்தில் ரயில் இருந்தால் போதும்

கோலாலம்பூர்

அன்புள்ள லாத்தாவுக்கும் மச்சானுக்கும் தம்பி எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ் உதவியால் நான் சுகம். உம்மாவின் முட்டுவலி இப்போது எப்படி இருக்கிறது? இந்தக் கடிதமே அந்த முட்டுவலியை வைத்துத்தான் எழுதுகிறேன்.

நீங்கள் இங்கே வரும்போது தங்குவதற்கு மருமகன் பார்த்து அனுப்பிய ஹோட்டல் படங்கள் எல்லாம் வந்தன. மொட்டை மாடியில் நீச்சல் குளம், குளத்துக்கு அந்தப் பக்கம் பெட்ரோனாஸ் இரட்டைக் கோபுரம். அவன் வயசுக்கு அதுதான் கண்ணில் படும். ஆனால் அங்கே ரூம் போட வேண்டாம். காரணத்தை வாய்ஸ் மெசேஜில் சொன்னால் அவன் பாதியிலேயே தள்ளிவிடுவான், உங்கள் காதுக்கு வந்து சேராது. மச்சான் நிதானமாகப் படிக்கட்டும் என்றுதான் எழுதி அனுப்புகிறேன்.

"தம்பி அங்கே இருக்கும்போது லாட்ஜில் எதுக்குக் காசைக் கொட்டணும்?" என்று உம்மா கேட்டதாகச் சொன்னீர்கள். கீழக்கரையில் பிறந்தவர் வேறு எப்படிக் கேட்பார்? வந்த விருந்தாளியை வெளியே படுக்க வைத்தால் நம் தெருவில் மூன்று தலைமுறைக்குப் பேசுவார்கள். நான் இருக்கும் வீட்டைப் பற்றி இதுவரை உங்களுக்கு விவரமாகச் சொன்னதில்லை. முதலாளி வாடகைக்குப் பிடித்துக் கொடுத்த ஃபிளாட். ரூமுக்கு ரூம் இரும்புக் கட்டில், மேலே ஒருவன், கீழே ஒருவன். நான் வேலை பார்க்கும் நாசி கண்டார் சோற்றுக்கடை ராத்திரி பகல் மூடுவதில்லை. அதனால் பகல் ஷிப்ட்காரன் எழுந்து போன படுக்கையில் சூடு ஆறுமுன் இரவு ஷிப்ட்காரன் வந்து விழுவான். எந்நேரமும் யாராவது தூங்கிக்கொண்டிருப்பதால் லைட் போட மாட்டோம், செல்போன் வெளிச்சத்தில்தான் சட்டை தேடுவோம். எல்லாம் ஆம்பளைகள், ஒரே ஒரு பாத்ரூம். உம்மாவை அங்கே கொண்டுபோய் எங்கே உட்காரவைப்பேன்? அவரிடம் பக்குவமாகச் சொல்லுங்கள். ரூம் வாடகை என் பொறுப்பு, மச்சான் இதில் மல்லுக்கு நிற்க வேண்டாம்.

ஹோட்டல் விஷயம் உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்பீர்கள். விடிகாலையில் நம் கடைக்கு டீ குடிக்க வருகிறவர்களில் பாதிப் பேர் சுற்றுவட்டார ஹோட்டல்களில் ரூம் துடைக்கிறவர்கள். நேபாளி, வங்காளதேசி, நம் பக்கத்துப் பையன்கள். எந்த ஹோட்டலில் ஏசி சொட்டும், எங்கே லிப்ட் வாரத்துக்கு ஒருதரம் படுத்துக்கொள்ளும், எங்கே கட்டில் மூட்டைப்பூச்சி என்று அவர்கள் பேசிக்கொள்வதை எல்லாம் தே தாரிக் ஆற்றிக்கொண்டே கேட்டிருக்கிறேன். மருமகன் பார்க்கிற நட்சத்திரத்தையும் மதிப்பெண்ணையும்விட இவர்கள் வாயில் வருவதைத்தான் நான் நம்புவேன்.

ஏர்வாடிக்கு வருகிற வெளியூர்க்காரர் நம்மிடம் ரூம் கேட்டால் என்ன சொல்வோம்? தர்காவுக்கு எவ்வளவு நடை, தண்ணீர் ஒழுங்காக வருமா, பக்கத்தில் சாப்பாடு உண்டா, இந்த மூன்றையும் சொல்லிவிட்டுத்தான் விலையைச் சொல்வோம். தலைநகரமாக இருந்தாலும் இங்கேயும் கணக்கு அதுவேதான். அந்தக் கோபுரம் 88 மாடி, 452 மீட்டர். ஊரில் பாதி இடத்திலிருந்து அண்ணாந்தால் தெரியும். அதைப் பார்க்க ரூம் வாடகையில் கூடுதல் காசு கட்டுவானேன்? ராத்திரி அதன் அடியில் உள்ள பூங்காவுக்கு நானே கூட்டிப்போகிறேன். விளக்கும் பாட்டுமாக நீரூற்று ஆடும், டிக்கெட் கிடையாது.

நான் சொல்வது மஸ்ஜித் இந்தியா வட்டாரம். இந்திய முஸ்லிம்கள் 1863-ல் தொடங்கிய பள்ளிவாசல் அங்கே இருக்கிறது. இப்போது நிற்கும் கட்டடம் பிற்பாடு வந்தது. துணிக்கடை, நகைக்கடை, அத்தர்க்கடை, எங்கே திரும்பினாலும் தமிழ் கேட்கும். உம்மா தனியாகக் கீழே இறங்கினாலும் வழி கேட்க ஆள் உண்டு. கொஞ்ச தூரத்தில் இரண்டு ஆறு கூடும் முனையில் 1909-ல் கட்டிய ஜாமிக் பள்ளி. அதன் பெயரிலேயே ரயில் நிலையம், மஸ்ஜித் ஜாமிக். அங்கே ஏறினால் பெரிய ரயில் நிலையமான கே.எல். சென்ட்ரல் இரண்டாவது நிலையம். எதிர்த்திசையில் ஏறினால் கோபுரம் மூன்றாவது நிலையம். வண்டி மாற வேண்டியதில்லை. முட்டுவலிக்காரருக்கு இதைவிட என்ன வேண்டும்?

அந்தத் தெருவின் பெயரைச் சொன்னதும் லாத்தாவுக்கு 2024 ஆகஸ்ட் ஞாபகம் வரும். நடைபாதை திடீரென்று உள்வாங்கி, இந்தியாவிலிருந்து ஊர் பார்க்க வந்த ஒரு பெண் உள்ளே போய்விட்டார். ஒன்பது நாள் தேடியும் கிடைக்கவில்லை. அன்றைக்கு நீங்கள் போனில் அழுத அழுகை எனக்கு மறக்கவில்லை. அதன்பிறகு கொஞ்ச காலம் கடைத்தெருவே வெறிச்சோடிக் கிடந்தது. இப்போது பள்ளத்தை மூடிச் சரிசெய்துவிட்டார்கள், நான் போகவர அந்த வழிதான். இருந்தாலும் உங்கள் மனசு ஒப்பவில்லை என்றால் ஒளிக்காமல் சொல்லுங்கள், வேறு இடம் பார்ப்போம்.

புக்கிட் பிந்தாங் பக்கம் என்றால் மருமகனுக்குக் கொண்டாட்டம்தான். பெரிய பெரிய மால், ராத்திரி முழுக்க வெளிச்சம். ஆனால் சாயங்காலமானால் கார் நகராது. பேர்போன சாப்பாட்டுத் தெருவில் பெரும்பாலும் நாம் சாப்பிடக்கூடிய கடைகள் இல்லை. ஒரு மாலை போய்வந்தால் போதும்.

உங்கள் ஸ்கூல் டீச்சர் குடும்பமும் வர நினைப்பதாகச் சொன்னீர்களே, அவர்களுக்கு மட்டும் வேறு யோசனை. அவர்கள் பிரிக்ஃபீல்ட்ஸில் தங்கட்டும். சைவக் கடை, பூக்கடை எல்லாம் காலடியில். கே.எல். சென்ட்ரல் நடக்கிற தூரம். அங்கிருந்து கொம்யூட்டர் ரயில் நேராக பத்துமலைக்கே போகிறது. 272 படி. 2006-ல் திறந்த முருகன் சிலை 42.7 மீட்டர், ரயிலைவிட்டு இறங்கியதும் தேட வேண்டியதில்லை. தைப்பூச நேரத்தில் மட்டும் அந்தப் பக்கம் ரூம் கிடைப்பது கஷ்டம்.

இனி மச்சானுக்கு. இந்த ஊரில் ஜன்னலே இல்லாத ரூம் நிறைய. விலை குறைவாக ஒன்று கண்ணில் பட்டால் முதலில் அதைத்தான் சந்தேகப்பட வேண்டும். படத்தில் அழகாகத் திரைச்சீலை தொங்கும். விலக்கினால் வெறும் சுவர். ரூம் பெயருக்குக் கீழே பொடி எழுத்தில் போட்டிருப்பான், அதைப் படிக்காமல் பணம் கட்டக் கூடாது. பழைய கடைவீடுகளின் மாடியில் நடத்தும் ஹோட்டல்களில் லிப்ட் இருக்காது, செங்குத்துப் படிதான். குளியலறையில் தொட்டி இருந்தால் அதன் விளிம்பைத் தாண்டி உள்ளே ஏறி நின்றுதான் குளிக்க வேண்டும். உம்மாவால் முடியாது. தரையோடு ஷவர் உள்ள ரூம் என்று கேட்டு வாங்கிக்கொள்கிறேன். மஸ்ஜித் இந்தியா தெருவுக்கு அடுத்தாற்போல் சனிக்கிழமை சாயங்காலம் சந்தை கூடும், சத்தம் காதைப் பிளக்கும். அதனால் பின்பக்க ரூமாகப் பார்ப்பேன்.

ஃபிளாட்டை நாள் வாடகைக்கு விடுகிறவர்கள் விலையைக் குறைத்துச் சொல்வார்கள், அங்கும் நீச்சல் குளம் உண்டு. ஆனால் கவுன்டரில் ஆள் கிடையாது. சாவி ஏதோ ஒரு பெட்டிக்குள் இருக்கும், நம்பர் போனில் வரும். நடுராத்திரி உம்மாவுக்கு மேலுக்கு முடியாமல் போனால் யாரைக் கூப்பிடுவீர்கள்? நான் ஷிப்டில் நிற்பேன். கவுன்டரில் ராத்திரியும் ஆள் இருக்கும் ஹோட்டலே வேண்டும்.

ஆப்பில் காட்டும் தொகையோடு முடிந்தது என்று நினைத்துவிடாதீர்கள். வெளிநாட்டுக்காரர்களிடம் ரூமுக்கு ஒரு ராத்திரிக்கு 10 வெள்ளி (ரிங்கிட்) சுற்றுலா வரி தனியாக வாங்குவார்கள். பெரும்பாலும் கவுன்டரில் கேட்பார்கள். இரண்டு ரூம் என்றால் இரண்டு வரி. சில இடங்களில் டெபாசிட்டும் வாங்கிக்கொண்டு, கிளம்பும்போது திருப்பிக் கொடுப்பார்கள். ரசீதை மச்சான் பத்திரமாக வைத்துக்கொள்ளட்டும்.

திருச்சியிலிருந்து ராத்திரி விமானத்தில் ஏறினால் விடிகிற நேரத்தில் இங்கே இறங்குவீர்கள், ரூம் சாவியோ மத்தியானம் இரண்டு மூன்று மணிக்குத்தான் கொடுப்பார்கள். பெட்டியைக் கவுன்டரில் வாங்கி வைப்பார்கள், ஆனால் தூங்காத உம்மாவை எங்கே வைப்பது? பகல் விமானம் கிடைத்தால் அதையே போடுங்கள். இல்லையென்றால் முந்தின ராத்திரிக்கும் சேர்த்து ரூம் போட்டுவிடுகிறேன். அந்தக் காசு வீண் இல்லை. விமான நிலையத்திலிருந்து எக்ஸ்பிரஸ் ரயில் அரை மணி நேரத்தில் வந்துவிடும், ஆனால் பெரியவர்களுக்கு ஆளுக்கு 55 வெள்ளி. நாலு பேரும் பெட்டியும் சேர்ந்தால் கிராப் டாக்ஸி ஆப்பில் பெரிய கார் பிடிப்பதுதான் லாபம், ஹோட்டல் வாசலிலேயே இறக்கிவிடுவான்.

இந்தியர்களுக்கு இப்போது விசா வேண்டாம், 30 நாள் இருக்கலாம், 2026 கடைசி வரைக்கும் அப்படித்தான் சொல்லியிருக்கிறார்கள். ஆனால் இங்கே வந்து இறங்குவதற்கு முந்தின மூன்று நாளுக்குள் ஆன்லைனில் வருகை அட்டை நிரப்ப வேண்டும். அதில் தங்கும் முகவரி கேட்கும். என் ஃபிளாட்டைப் போட்டுவிடாதீர்கள், ஹோட்டல் முகவரியையே போடுங்கள். ரூம் போட்ட தாளும் திரும்பிப்போகும் டிக்கெட்டும் கையில் இருக்கட்டும். இமிகிரேஷனில் கேட்டால் மச்சானே பதில் சொல்லட்டும். மருமகனை முந்திக்கொண்டு பேச விடாதீர்கள்.

ஹோட்டல் ரூமில் மேலே பார்த்தால் விட்டத்தில் சின்னதாக ஓர் அம்புக்குறி ஒட்டியிருக்கும், கிப்லா திசை. முதல் நாளே உம்மாவுக்குக் காட்டிவிடுங்கள், இல்லாவிட்டால் ஒவ்வொரு தொழுகை வக்துக்கும் உங்களை எழுப்புவார். லிப்டுக்குள் டுரியான் பழத்தைச் சிவப்புக் கோடு போட்டு அடித்த படம் இருக்கும். ரூமுக்குள் அந்த வாடை வந்தால் அபராதம். அதனால்தான் சொல்கிறேன், எனக்காக நெய்மீன் கருவாடு கட்டிக்கொண்டு வர வேண்டாம். நம்மூர் இனிப்பு தொதல் கொண்டுவரலாம், முதலாளிக்கும் ஒரு பங்கு சேர்த்து. இங்கே பிளக் மூன்று பட்டைக் கம்பி, நம்மூர் சார்ஜர் நுழையாது. ஒரு மாற்றி நான் வாங்கி வைக்கிறேன்.

முடிந்தால் அரையாண்டு லீவில் வருவதைத் தவிர்த்துவிடுங்கள், வருஷக் கடைசி வாரத்தில்தான் கூட்டமும் விலையும் ஏறும். தேதி முடிவானதும் நாலு பேருடைய பாஸ்போர்ட் முதல் பக்கத்தையும் அனுப்புங்கள். உள்ளுக்குள் கதவு வைத்த இரண்டு ரூம் கிடைக்குமா என்று ஒரு ஹோட்டலில் சொல்லிவைத்திருக்கிறேன். கிடைத்தால் உம்மாவும் லாத்தாவும் ஒன்றில், மச்சானும் மருமகனும் மற்றதில். அதுவரை மருமகன் எந்த ஆப்பிலும் பணம் கட்டிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். வஸ்ஸலாம்.

தம்பி